உப்புக்கு வந்த ஆனை

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. மிச்ச இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். அவள் இளவயதிலேயே கண்ணை மூடிவிட்டாள். ஒன்பது பேருக்கும் கடல்தான் சோறு போட்டது. கடல் தந்ததைக் கருவாடாக்கி விற்றது நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கிழமை பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாசித்த ஒருவர், அம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவா என்று என் மகனைக் கேட்டாராம். நான் படிப்பிக்கவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன். செபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதிலும் பாதி மனப்பாடம். நான் சொல்கிறேன், பேத்தி ஸ்ரெல்லா எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, கதை என்னுடையது. ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் எனக்குத் தெரியும்.

முல்லைத்தீவுக் கரையை விட்டு வெளிக்கிட்டதோடு போன கிழமை நிறுத்தினேன். ஒழுங்காகச் சொல்வதென்றால் இந்தக் கிழமை நாங்கள் நடந்த வழியைச் சொல்ல வேண்டும். ஆனால் நேற்றுப் பின்னேரம் ஜன்னலுக்குக் கீழே உப்பு லொறி போனது. அதைக் கண்ட பிறகு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

உப்பு லொறி

கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலம். மூத்த மகன் யேசுதாசனின் வீடு ஒரு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் தட்டில். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டு எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் பொழுது படுவதற்கு ஒரு நேரம் எடுக்கும். வானம் சிவந்து, கடல் கறுத்து, பிறகுதான் இருட்டு. இங்கே ஆரோ போர்வையைப் போட்டு மூடினது போல இருந்தது.

நான் குசினி ஜன்னலில் நின்றேன். மருமகள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பெரிய லொறி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. பின்பக்கத்தால் வெள்ளையாக எதையோ இறைத்துக்கொண்டு போனது. மூடிய கண்ணாடிக்கு உள்ளேயும் சத்தம் கேட்டது, கிடுகுக் கூரையில் முதல் மழை விழுவது போல.

அது என்ன என்று கேட்டேன்.

"உப்பு மாமி. ரோட்டிலை ஐஸ் கட்டாமலிருக்கப் போடுறவங்கள்."

உப்பு. ரோடு நிறைய உப்பு.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. கார்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இலையில்லாத மரங்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் இருந்த இருட்டைத்தான் பார்த்தேன். பிறகு கையை நீட்டி லைற்றை நூர்த்தேன்.

"ஏன் மாமி நூர்க்கிறியள்? கையை வெட்டப் போறன்."

"வாயைப் பொத்து பிள்ளை. சத்தம் போடாதை."

பாவம், அவள் நல்ல பெட்டை. கிழவிக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். இருட்டில் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் காது கொடுத்தபடி நின்றேன். கிளை முறியும் சத்தம் வருகிறதா என்று.

கனடாவில் ஆனை இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வலை, அரைச் சாக்கு உப்பு

ஊரை விட்டு ஓடுகிற சனம் எதைத் தூக்கும் என்பதை ஓடும்போதுதான் பார்க்கலாம். தையல் மெசினைத் தூக்கினார்கள். கதவைக் கழற்றிக்கொண்டு வந்தவர்களைக் கண்டேன். ஒரு மனிசி சேவல் ஒன்றை மட்டும் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தா, வேறொன்றும் இல்லை.

நான் தூக்கியது அரைச் சாக்கு உப்பும் ஒரு வலையும்.

என் கடைசி மகள் றெஜினாவுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். வழி முழுக்க என்னைப் பேசிக்கொண்டே வந்தாள். "அரிசியை விட்டிட்டு உப்பைக் கட்டிக்கொண்டு வாறியள். உப்பை ஆர் தின்னுறது?" எங்கே போனாலும் உப்பு இருந்தால் கருவாடு போடலாம், கருவாடு இருந்தால் சோறு வரும் என்பது என் கணக்கு. மீன் இல்லாத இடம் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

வலையின் கதை வேறு. எங்கள் கரையில் வலை ஆண்களுடையது, மீன் பெண்களுடையது. வலையில் நாங்கள் கை வைப்பதில்லை. அதைக் கடந்து கால் வைப்பதில்லை. பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் வலை இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிறகுதான் திரும்பக் கொண்டுவருவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. என் மாமி செய்தா, நான் செய்தேன்.

இந்த வலை என் மனிசனுடையது. ஒரு பின்னேரம் அதில் ஒரு பொத்தலை மூடிக்கொண்டிருந்தார். வெளிச்சம் போய்விட்டது. மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று ஊசியை அந்தக் கண்ணியிலேயே செருகிவிட்டு எழும்பினார். விடிய, இன்னொருவருடைய வள்ளத்தில் ஆள் குறைவு என்று கூப்பிட்டார்கள். போனார். கடலில் வெடிச்சத்தம் கேட்டது. வள்ளம் வந்தது, அவர் வரவில்லை.

அவ்வளவுதான் அதைப்பற்றிச் சொல்வேன்.

ஊசி செருகினபடி அந்த வலையை நான் சுற்றி வைத்திருந்தேன். மகன் கனடாவிலிருந்து, வாங்கோ அம்மா, வாங்கோ அம்மா என்று சொல்லி அனுப்பிக்கொண்டேயிருந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொன்னேன். வலை கிடக்கு. கடல் கிடக்கு. ஒருநாளைக்கு ஊருக்குப் போக விடுவாங்கள். அண்டைக்கு வலை வேணும்.

கரை இல்லாத இடம்

முதலில் முரசுமோட்டையில் ஒரு வயல்காரருடைய கொட்டிலில் இருந்தோம். நல்ல சனம். அவர்களுக்கும் வெளிக்கிட வேண்டி வந்தது. கிளிநொச்சிப் பக்கம் முழுக்கக் காலியானது. சனத்தோடு சனமாகத் தெற்கே நடந்தோம். கடைசியில் புளியங்குளத்துக்கு அங்கால், பெருந்தெருவை விட்டு உள்ளே, காட்டு ஓரத்தில் போய் நின்றோம்.

எனக்குக் காடு தெரியாது. கடலில் பயம் வந்தால் தூரத்திலேயே தெரியும். மேகம் வரும், நீர் நிறம் மாறும், காற்று திரும்பும். காட்டில் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. விமானம் வந்தால் கரையில் அது ஒரு புள்ளியாக இருக்கும்போதே ஓடலாம். இங்கே மரங்களுக்கு மேலே வந்த பிறகுதான் கேட்கும். நான் வந்த நாளிலிருந்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டே திரிந்தேன். கழுத்துக்குள் ஒரு நோவு வந்து அங்கேயே குடியிருந்தது.

என் மருமகன், றெஜினாவின் புருசன் அந்தோனி, தடி வெட்டிக் கொட்டில் போட்டார். மூன்று பக்கம் மண் பூசினோம். நாலாவது பக்கத்துக்குப் போதவில்லை. காட்டைப் பார்த்த பின்பக்கம் அது. அங்கே உரப்பைகளைத் தைத்துத் தொங்கவிட்டோம். குளிர் வருகிறதென்று, உள்ளுக்கு வலையை நாலாக மடித்துக் கூரைத் தடியில் கட்டினார். நிலத்தில் வைத்தால் கறையான் தின்னும், ஆராவது கடந்து போவார்கள். உயரக் கட்டியது எனக்கும் சரியாகப் பட்டது.

பக்கத்துக் காணியில் செல்லாயியும் அவளுடைய புருசன் ராமையாவும் இருந்தார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அங்கே அடிபட்டு, ஓடி வந்து, இந்தக் காட்டை வெட்டிக் காணியாக்கியவர்கள். எங்களுக்கு முன்னமே அகதியானவர்கள் என்று சொல்லலாம். செல்லாயிக்கு என்னைவிட வயது குறைவு, வாய் கூட. நான் மரவள்ளிக்கிழங்கைத் தோலோடு அவிய வைத்ததைப் பார்த்து ஒரு கிழமை சிரித்தாள். "மீன மட்டும்தான் உரிக்கத் தெரியுமா அம்மா?" என்பாள். அவளுடைய புருசன் குளத்தில் பிடித்த மீனை அவள் அறுக்கிற விதத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். சமன்.

மாரி தொடங்கியது. ஈரக் காற்றுப் பட்டதும் அந்த வலை வேர்க்கத் தொடங்கியது. எத்தனையோ வருசத்துக் கடல் அதன் கயிற்றுக்குள் ஊறிக் கிடந்தது. விடியப்புறம் அதில் கை வைத்தால் பிசுபிசுக்கும். விரலை நாக்கில் வைத்தால் எங்கள் கரை. ஆருக்கும் தெரியாமல் நான் அதைச் செய்தேன்.

நாவூறு

றெஜினாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நானும் செல்லாயியும்தான் பார்த்தோம். வலையை வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது நினைவு வந்தது. ஆனால் எங்கே வைப்பது? பக்கத்து வீடு என்று சொல்ல அங்கே ஒரு மீன்பிடிகாரர் வீடும் இல்லை. மழையும் விடவில்லை. கடவுள் பொறுப்பார் என்று விட்டேன்.

பிள்ளைக்குக் கடலின் நட்சத்திரம் என்று மாதாவின் பெயரை வைத்தோம், ஸ்ரெல்லா என்று. ஓம், இதை எழுதிக்கொண்டிருக்கிறவள்தான். இப்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

பிள்ளை சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தது. அகதிக் கொட்டில்களில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கண் படாமல் இருக்குமா? ஒவ்வொரு பின்னேரமும் உப்பையும் செத்தல் மிளகாயையும் கையில் எடுத்து, பரலோக மந்திரம் சொல்லிப் பிள்ளையைச் சுற்றி நாவூறு கழித்தேன். எங்கள் ஊரில் சுற்றிய உப்பைக் கொண்டுபோய்க் கடலில் போடுவோம். உப்பு வந்த இடத்துக்கே போய்விடும், கண்ணூறும் அதோடு போய்விடும். இங்கே கடல் எங்கே? கொட்டிலின் பின்பக்கம், உரப்பைக்கு வெளியே, காட்டைப் பார்த்து வீசினேன். நாளுக்கு நாள் அதே இடத்தில்.

ஒரு காலை செல்லாயி தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கத்தால் வந்தவள் நின்றுவிட்டாள். குடத்தை இறக்கி வைத்தாள். நான் போய்ப் பார்த்தேன். நிலம் கிண்டிக் கிடந்தது. மண்வெட்டி போட்ட மாதிரி இல்லை. ஆரோ வாயால் தோண்டின மாதிரி. பக்கத்தில் ஒரு பள்ளம், சுளகு அளவு வட்டம், அதில் மழைத் தண்ணீர் நின்றது.

"இங்க என்னா கொட்டுனீங்க அம்மா?"

பிள்ளைக்குச் சுற்றிய உப்பு என்றேன்.

அவள் காட்டை ஒருதரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். "பெரியவருக்கு உப்புன்னா உசிரு. மலைக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் மோப்பம் புடிச்சு வருவாரு. நீங்க தெனம் அவருக்குத் தூண்டில் போட்டிருக்கீங்க."

காட்டு ஓரத்தில் ஆனையை ஆனை என்று சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். சொன்னால் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். அந்தத் தண்ணீர் நின்ற வட்டம் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலடிக்கும் என் மகள் தலை வைத்துப் படுத்திருந்த இடத்துக்கும் நடுவில் ஓர் உரப்பையும் ஒரு வலையும்தான் இருந்தன.

நான் தலை குனியவில்லை. "உங்கடை மலையிலை உப்பு விளையிறேல்லை. அதுதான் அதுக்கு அவ்வளவு ஆசை" என்றேன். செல்லாயி சிரித்தாள். ஆனால் அவளுடைய கண் காட்டை விட்டு எடுபடவில்லை.

அன்று பகல் முழுக்க நானும் அவளும் அந்த மண்ணை வெட்டி அள்ளிக் குளத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். உப்புச் சாக்கை ராமையா தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், பானைக்குள் போட்டு மூடி மெழுகிவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வலையை ஒருவரும் நினைக்கவில்லை. செல்லாயிக்குக் கடல் வலை தெரியாது. எனக்கு வலை என்றால் வலை; அதை உப்பு என்று நான் எப்படி நினைப்பேன்?

உரப்பைக்கு அந்தப் பக்கம்

அடுத்த நாள் றெஜினாவுக்குக் காய்ச்சல் ஏறியது. மலேரியா. அந்தக் காட்டில் அது வராத வீடு இல்லை. இருந்த சேலை எல்லாவற்றையும் போட்டு மூடியும் நடுங்கினாள். எழுப்பி இருத்தினால் சரிந்து விழுந்தாள். அந்தோனி குளிசை வாங்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாங்குளம் பக்கம் போனார். பொழுது படும்வரை வரவில்லை.

அப்போது வானத்தில் வண்டு வந்தது. ஆளில்லாமல் சுற்றி வேவு பார்க்கிற சின்ன விமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; வண்டு மாதிரியே இரையும். அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடுகிறது வரும். குளத்துக்கு அங்கால் ஒரு குடியிருப்பில் வெளிச்சம் கண்டுதான் குண்டு விழுந்தது என்று சனம் கதைத்தது. மெய்யோ பொய்யோ, பொழுது சரிந்தால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு பீடிகூடப் பற்றவைப்பதில்லை.

செல்லாயியின் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

குரைக்கிற நாயில் பயமில்லை. குரைத்துக்கொண்டிருந்த நாய் பேசாமல் போவதுதான் பயம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மேலே வண்டு இரைந்தது. பிறகு உரப்பைக்கு வெளியே ஆரோ நீளமாக மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு பையை உள்ளே தள்ளி, திரும்ப வெளியே இழுத்தது. பச்சை இலையும் சேறும் கலந்த மணம் கொட்டிலுக்குள் வந்தது.

வலை அசைந்தது.

கடலில் வலை அசைந்தால் சந்தோசம். ஏதோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்குக் கீழால் ஒரு தும்பிக்கை வந்தது. ஈரமாக, நுனியில் விரல் மாதிரி ஒன்று. வலையின் ஒரு மடிப்பைத் தடவிப் பார்த்தது. பிடித்தது. வெளியே இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. அந்தச் சத்தம், பல்லில்லாத கிழவன் எலும்பு சூப்புவது போல. வலையோடு சேர்ந்து கூரைத் தடியும் முனகியது.

றெஜினா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதற்கு நேர் கீழே கிடந்தாள்.

முன்வாசலில் செல்லாயி தவழ்ந்து வந்தாள். "அசையாதீங்க அம்மா. வந்திருக்காரு. கொம்பில்லாத அலியன்." பிறகு சொன்னாள், "எங்க வீட்டுக்காரரு பந்தத்தோட நிக்கிறாரு. நெருப்பக் காட்டுனா போயிரும். கொளுத்தட்டுமான்னு கேக்குறாரு."

நான் மேலே பார்த்தேன். கூரைதான் தெரிந்தது. ஆனால் வண்டு எங்கள் தலைக்கு மேல்தான் சுற்றியது. அந்தக் காட்டு ஓரத்தில் கொட்டிலுக்குக் கொட்டில் பிள்ளைகள். ஆனைக்கு வெளிச்சம் வேண்டும். வண்டுக்கு இருட்டு வேண்டும். இரண்டையும் எப்படிக் கொடுப்பது?

செல்லாயி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓம் என்றிருந்தால் அவளுடைய புருசன் கொளுத்தியிருப்பார். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. அப்படியும் கேட்டார்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

"வேண்டாம். கொளுத்த வேண்டாமெண்டு சொல்லு."

"அப்ப என்னா பண்றது?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ."

அவள் தவழ்ந்து வந்து பிள்ளையை எடுக்கப் பார்த்தாள். றெஜினாவின் கை விடவில்லை. காய்ச்சலில் பூட்டுப் போட்டது போல இறுகிக் கிடந்தது. இழுத்தால் பிள்ளை அழும். பிள்ளை அழுதால் அது என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது. செல்லாயி கையை எடுத்துவிட்டு றெஜினாவின் காலடியில் குந்திக்கொண்டாள். போ என்று கையைக் காட்டினேன். போகவில்லை.

கூரைத் தடி இன்னொரு முறை முனகியது. மண் கொட்டியது. அந்தோனி கட்டிய முடிச்சு கடல் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். வலை விடாது. ஆனையும் விடாது. கூரைதான் வரும்.

நான் கருவாட்டுக் கத்தியை எடுத்தேன். முடிச்சு எட்ட வேண்டுமென்றால் மகளுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்க வேண்டும். நின்றேன். என் முகத்துக்கு ஒரு முழத்தில் அந்தத் தும்பிக்கை போய் வந்தது. அதன் சூடு என் கன்னத்தில் பட்டது. கத்தியை முடிச்சில் வைத்த நேரம்தான் றெஜினா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வலை அசைவதைப் பார்த்தாள்.

"அம்மா, கடல் மணக்குது."

நான் கத்தியை அழுத்தினேன்.

"அப்பா வலை இழுக்கிறாரோ?"

என் கை நின்றுவிட்டது. அவளுக்குப் பதில் சொல்லாவிட்டால் எழும்பிவிடுவாள் போல இருந்தது.

"ஓம் மோனை. இழுக்கட்டும். நீ பேசாமல் கிட."

அறுத்தேன். முதல் முடிச்சு, பிறகு அடுத்தது. கயிற்றைத்தான் அறுத்தேன், கண்ணியில் கத்தி படவில்லை. கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் அந்த ஊசி செருகின இடம் என் கையில் தட்டுப்பட்டது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்தப் பொத்தல் மூடாமல் ஊசி என்னத்துக்கு?

வலை விழவில்லை. தண்ணீர் வடிவது போல உரப்பைக்குக் கீழால் வெளியே போனது. அதில் கோர்த்திருந்த மிதப்புக் கட்டைகள் தடியில் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகப் போயின. அந்தத் தட்டுகிற சத்தம் என் வீட்டுச் சத்தம். வள்ளம் கரைக்கு வந்து வலையை இறக்கும்போது விடியப்புறம் கேட்கிற சத்தம்.

பிறகு பற்றை முறிந்தது. தூரத்தில் இன்னும் கொஞ்சம் முறிந்தது. அதற்குப் பிறகு வண்டு மட்டும்தான். அதுவும் மெல்ல மெல்லத் தெற்கே போனது.

பிள்ளை கடைசிவரை அழவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது.

முள்ளில் கிடந்த மிதப்பு

விடிய அந்தோனி குளிசையோடு வந்தார். வழியில் ஷெல் விழுந்து, ஒரு மதகுக்குக் கீழே இருந்துவிட்டு வந்திருக்கிறார். கொட்டிலின் பின்பக்கம் திறந்து கிடந்தது.

"மாமி, வலை எங்கை?"

"பெரிய மீன் ஒண்டு பட்டுது தம்பி. இழுத்துக்கொண்டு போட்டுது."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. செல்லாயி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, பிறகு குந்திக்கொண்டு அழுதாள். அவள் அழுததை அன்றுதான் கண்டேன்.

நாங்கள் தேடிப் போனோம். காரை முள்ளில் ஒரு மிதப்பு. கொஞ்சம் தள்ளி ஈச்சம் பற்றையில் இரண்டு. கயிற்றுத் துண்டு ஒன்று, சப்பி வெள்ளையாக. குளக்கட்டுக்கு அங்கால் அடர்காடு. அதற்குள் ராமையா எங்களை விடவில்லை. காட்டு மரங்களில் கடல் மிதப்பு தொங்கியதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை.

சண்டை பெருந்தெருவால் கிட்டக் கிட்ட வந்தது. மகன் திரும்பவும் சொல்லி அனுப்பினான். இந்த முறை வலை கிடக்கு என்று சொல்ல என்னிடம் வலை இல்லை. வாறன் என்றேன்.

வெளிக்கிடும்போது ராமையா வீட்டுப் பானையிலிருந்த உப்பை அவர்களுக்கே விட்டேன். காட்டிலை கொட்டிப்போடாதை என்று செல்லாயியிடம் சொன்னேன். "கருவாட்டுக்கு வெச்சிருக்கேன். நீங்க வந்து போடுங்க" என்றாள். வவுனியாவுக்குக் கடந்து, முகாமில் கிடந்து, கொழும்புக்குப் போய், நான் விமானத்தில் ஏறுவதற்குள் அந்தக் காட்டு ஓரமும் காலியாகிவிட்டது. அவர்களைப்பற்றிப் பிறகு நான் ஒன்றும் அறியவில்லை. இதை வாசிக்கிறவர்களில் ஆருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கோ.

இந்த நாட்டில் எங்களை ஏற்கிறதா இல்லையா என்று விசாரித்தார்கள். ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார மனிசி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. எதற்குப் பயந்து வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஷெல்லைச் சொல்லுங்கோ, விமானத்தைச் சொல்லுங்கோ என்று மகன் சொல்லித் தந்திருந்தான். சொன்னேன், எல்லாம் உண்மை. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டா. ஆனைக்கு நெருப்பைக் கொளுத்தினால் விமானம் வரும், கொளுத்தாவிட்டால் ஆனை வரும், அதுக்குப் பயந்து வந்தனான் என்று சொன்னேன். அந்தத் தமிழ்ப் பிள்ளை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு இங்கிலீசில் சின்னதாக ஏதோ சொன்னது. ஆனையைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்ரெல்லாவுக்கு இப்போது ஒரு பிள்ளை. ஆண் பிள்ளை, ஆறு மாதம், இவள் இருந்ததைப் போலவே சிவப்பு. நேற்றுப் பின்னேரம் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அவனைச் சுற்றினேன். சுற்றிவிட்டுக் கையை மூடிக்கொண்டு நின்றேன். இங்கேயும் கடல் இல்லை. ஏரி இருக்கிறது, ஆனால் அது நல்ல தண்ணீர். அதில் போட்டு என்ன?

அப்போதுதான் கீழே லொறி போனது.

மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். ரோட்டோரம் உப்பு கல்லுக் கல்லாகக் கிடந்தது, சாம்பல் நிறம், கருவாட்டுக்கு உதவாத உப்பு. என் கையிலிருந்ததை அதற்குள் போட்டேன். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. மரங்களைப் பார்க்காமல் திரும்பி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வாசல் கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்றைக்கும் ஒருதரம் பார்த்தேன்.

போதும் மோனை, பேனையை வை. இப்ப முதலிலையிருந்து வாசி. அவசரப்படாதை, எனக்கு நேரம் கிடக்கு. நீ அழாமல் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்த இடம் வந்தால், அதிலை கொஞ்சம் நிப்பாட்டி வாசி.